கிரைண்டரின் கவசம்

சந்தாபுரா, பொம்மசந்திரா வட்டாரத்து கேட், கிரில் பட்டறைகளில் ஓயாமல் உழைக்கும் கருவி ஆங்கிள் கிரைண்டர். அதில் மிகவும் ரசிக்கத்தக்க பாகம் மோட்டார் அல்ல, வீலின் பாதியை மூடி நிற்கும் தகட்டுக் கவசம்தான். கணக்கு எளிது: 4 அங்குல வீல் நிமிடத்துக்கு 11,000 முறை சுழன்றால், அதன் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. வீல் உடைந்தால் துண்டுகள் அதே வேகத்தில் பறக்கும். முகத்துக்கும் அந்தத் துண்டுக்கும் நடுவே நிற்பது இந்தத் தகடு ஒன்றே. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு இயந்திரங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்றதும் இதே நியாயத்தால்தான்.

மூலைகளில் கவசம் இடிக்கிறது, வெட்டும் கோட்டை மறைக்கிறது, வேலை தாமதமாகிறது என்பார்கள். இடைஞ்சல் உண்மைதான். ஆனால் பிடிப்பைத் தளர்த்திக் கவசத்தைத் தேவையான பக்கம் திருப்ப அரை நிமிடம் போதும். கவசத்தைக் கழற்றியவுடன் 5 அங்குல வீலையோ மரம் அறுக்கும் பிளேடையோ மாட்டும் ஆசையும் வருகிறது. ஆபத்து அங்கேதான் பெருகுகிறது. அனுபவசாலிக்குக் கவசம் எதற்கு என்றும் கேட்பதுண்டு. வீலுக்குள் இருக்கும் விரிசல் எந்த அனுபவசாலியின் கண்ணுக்கும் தெரியாது.

பராமரிப்பும் இதே அக்கறையின் தொடர்ச்சி. வீலின் நடுவளையத்தில் அச்சிட்ட காலாவதித் தேதியைப் பாருங்கள், தேய்ந்த கார்பன் பிரஷ்ஷை மாற்றுங்கள், வீல் மாற்றுமுன் பிளக்கைப் பிடுங்குங்கள், கண்ணாடி அணியுங்கள். கழற்றி மூலையில் போட்ட கவசத்தை இன்றே திரும்ப மாட்டுங்கள்.