மடிமையா, அயர்வா?

உள்ளத்து நிகழ்வது மெய்யிடத்துத் தோன்றுவதே மெய்ப்பாடு. நகை முதல் உவகை ஈறாக மெய்ப்பாடு 8 எனக் கூறிய தொல்காப்பியர், இளிவரலுக்கு மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என 4 நிலைக்களன்களை வகுத்தார். மடிமையையோ வேறொரு நூற்பாவில், பிற 32 மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்தார். ஆகவே வருத்தம் வேறு, மடிமை வேறு. மாணாக்கரை மதிப்பிடும்போது இவ்வேறுபாடு பெரும்பாலும் மறக்கப்படுகிறது.

ஜொகூர்த் தோட்டப் பள்ளி ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். நண்பகல் வரை பாடம். பின்னர்க் கூடுதல் வகுப்பில் கணக்கு. அதன்பின் திடலில் நெட்டோட்டப் பயிற்சி. இரண்டாம் சுற்றிலேயே மாணவன் நின்றுவிடுகிறான். உட்கார்ந்து படித்தவனுக்குக் களைப்பு ஏது, இது வெறும் சோம்பல் என்று தீர்ப்பளிப்பது எளிது. அத்தீர்ப்பு ஆராயத்தக்கது.

இத்தாலியின் தூரின் நகரத்து உடலியல் அறிஞர் ஆஞ்சலோ மோசோ, களைப்பைப் பற்றி 1891இல் ஒரு நூல் வெளியிட்டார். நெடுநேரம் மாணவரைத் தேர்வு செய்த பேராசிரியர், விரலால் எடையைத் தூக்கும் சோதனையில் முன்னினும் விரைவில் தளர்ந்ததை அதில் காட்டினார்.

2009இல் மார்கோராவும் உடனாய்வாளரும் 16 பேரைச் சோதித்தனர். 90 நிமிடம் கருத்தூன்றிச் செய்யும் பணிக்குப் பின் நிலைமிதிவண்டி ஓட்டியபோது, அவர்கள் சராசரியாக 640 வினாடியில் ஓய்ந்தனர்; அப்பணி இல்லாத நாளில் 754 வினாடி தாங்கினர். இதயமும் நுரையீரலும் இருநாளும் ஒத்தே இயங்கின. ஆனால் அதே உழைப்பு, அயர்ந்த நாளில் மிகக் கடினமாகத் தோன்றிற்று. உடல் கெடவில்லை, உழைப்பின் சுமை உள்ளத்தில் கூடியது.

உள்ளம் அயரும்போது மூளையின் முன்பகுதியில் தீட்டா அலைகள் மிகுவதும் பதிவாகியுள்ளது. உடற் சமநிலையைப் பற்றிய ஆய்வுகளோ ஒரே முடிவைத் தரவில்லை. நொடிப்பொழுது வலிமையும் விரைவும் பெரும்பாலும் குன்றுவதில்லை. நீடித்த முயற்சியே குன்றுகிறது. எனவே, “நூறு மீட்டரைப் பறந்து கடந்தவன் நெட்டோட்டத்தில் ஏன் நின்றான்?” என்னும் கேள்வி சோம்பலுக்குச் சான்று ஆகாது. அயர்வின் இயல்பும் அதுவே.

இதனால் தொல்காப்பியர் மூளை நூல் கண்டார் என்பது மிகை. வளர்ந்தோரிடம் கண்ட முடிவைச் சிறுவர்மேல் அப்படியே ஏற்றுவதும் பொருந்தாது. சோம்பலே இல்லை என்பதும் வாதமன்று. புறத்தே ஒன்றுபோல் தோன்றும் இரண்டிற்கு அகத்தே காரணம் வேறாகலாம் என்பதே இங்குக் கொள்ளத்தக்கது.

மடிமைக்கு மருந்து ஊக்கம். அயர்வுக்கு மருந்து ஓய்வு. மருந்து மாறினால் நோய் தீராது. ஓட்டத்தைக் காலையில் வைத்துப் பார்த்தபின் தீர்ப்புக் கூறலாம். சோம்பேறி என்ற பெயர் ஒரு சிறுவன்மேல் ஒருமுறை விழுந்தால், அவனே அதை நம்பத் தொடங்கிவிடுவான்.