‘ஹூ கில்ட் தி எலெக்ட்ரிக் கார்?’ – பட்டியலிலிருந்து காணாமல் போன 4,950 பேர்

கிறிஸ் பெயின் இயக்கி 2006-ல் வெளிவந்த ‘ஹூ கில்ட் தி எலெக்ட்ரிக் கார்?’ ஆவணப்படத்தை இதுவரை மூன்று தடவை பார்த்திருக்கிறேன். முதல் தடவை 2007-ல், பெங்களூரில், ரூம்மேட்டின் லேப்டாப்பில். இரண்டாவது தடவை, நானே ஒரு மின்சாரக் கார் புக் பண்ணிவிட்டு டெலிவரிக்காகக் காத்திருந்த வாரத்தில். மூன்றாவது தடவை போன மாதம், என் மச்சினன் தன்னுடைய மின்சாரக் காரை வாங்கிய 14-ஆவது மாதத்தில் விற்ற பிறகு. முதல் இரண்டு தடவையும் படம் முடிந்ததும் யாரையாவது திட்டணும் போல இருந்தது. மூன்றாவது தடவையும் இருந்தது. ஆனால் திட்ட வேண்டிய ஆள் மாறிவிட்டார்.

பார்க்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். 1990-ல் கலிபோர்னியா காற்று வள வாரியம் ஒரு விதி போட்டது. அங்கே விற்கும் பெரிய கார் கம்பெனிகளின் வண்டிகளில் 1998-க்குள் 2 சதவீதம், 2001-க்குள் 5, 2003-க்குள் 10 சதவீதம் புகையே விடாத வண்டியாக இருக்கணும். அந்தச் சூழலில் ஜெனரல் மோட்டார்ஸ் 1996 டிசம்பரில் தெருவுக்குக் கொண்டு வந்ததுதான் இ.வி.1. இரண்டே சீட், தண்ணீர்த் துளி மாதிரி உடம்பு, காற்றுத் தடைக் கெழு 0.19. இன்றைக்கும் பல கார்கள் எட்டாத எண் அது. வண்டியை விற்கவில்லை, லீஸுக்கு மட்டும்தான் விட்டார்கள். மொத்தம் செய்தது 1,117. பிறகு விதியைத் தளர்த்தச் சொல்லி கம்பெனிகள் வழக்குப் போட்டன, மத்திய அரசும் அவர்கள் பக்கம் நின்றது, 2003-ல் வாரியம் இறங்கி வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளையெல்லாம் திரும்ப வாங்கி, பெரும்பாலானவற்றை நொறுக்கிப் போட்டது.

ஓட்டியவர்கள் சும்மா இருக்கவில்லை. 2003 ஜூலையில் ஹாலிவுட்டில் ஒரு கல்லறைத் தோட்டத்தில் காருக்கு இறுதிச் சடங்கு நடத்தினார்கள். 2005-ல் பர்பேங்க்கில் கடைசி 78 வண்டிகள் நின்ற இடத்துக்கு வெளியே வாரக்கணக்கில் காவல் இருந்தார்கள். வண்டிக்கு 24,000 டாலர் வீதம், மொத்தம் சுமார் 19 லட்சம் டாலர் தருகிறோம், எங்களுக்கே கொடுத்துவிடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார்கள். கம்பெனி மசியவில்லை.

படத்தின் உயிர் இவர்கள்தான். இ.வி.1 விற்பனைப் பிரிவில் வேலை பார்த்த செல்சியா செக்ஸ்டன் பேசும்போது, விற்றவருக்கும் வாங்கியவருக்கும் நடுவே இருக்கும் கோடு அழிந்துபோவதைப் பார்க்கலாம். ஒரு காருக்காகப் பெரியவர்கள் அழுவது முதல் தடவை பார்த்தபோது கொஞ்சம் ஓவராகத் தெரிந்தது. நானே ஓட்ட ஆரம்பித்த பிறகு அப்படித் தெரியவில்லை. ராத்திரி வீட்டுக்கு வந்ததும் போனை மாதிரி செருகிவிட்டு, காலையில் நிறைந்த வண்டியை எடுப்பது ஒரு சின்ன விஷயம். ஆனால் மூன்று மாதம் அதற்குப் பழகிவிட்டால் பெட்ரோல் பங்க் வரிசை காட்டுமிராண்டித்தனமாகத் தெரியும். இதை ஓட்டாதவரிடம் சொல்லி விளக்கவே முடியாது. படம் விளக்க முயலாமல் முகங்களைக் காட்டுகிறது. அது நல்ல முடிவு.

சிக்கல் படத்தின் வடிவத்தில் இருக்கிறது. இது கொலை விசாரணை மாதிரி எடுத்த படம். ஏழு சந்தேக நபர்கள்: நுகர்வோர், பேட்டரி, எண்ணெய் கம்பெனிகள், கார் கம்பெனிகள், அரசு, காற்று வள வாரியம், ஹைட்ரஜன். கடைசியில் ஒவ்வொருவராகத் தீர்ப்பு. பேட்டரி மட்டும் நிரபராதி, மற்ற ஆறு பேரும் குற்றவாளிகள்.

பேட்டரிக்கான தீர்ப்பை நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். 1996-ல் வந்த முதல் தலைமுறை இ.வி.1-ல் இருந்தது ஈய-அமில பேட்டரி. நம் வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் அதே ஜாதி. கம்பெனியே சொன்ன ரேஞ்ச் 70-லிருந்து 100 மைல். 1999-ல் வந்த இரண்டாவது தலைமுறையில் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு போட்டதும் அது 140 மைல் வரை போனது. நல்ல பேட்டரி இருக்கத்தான் செய்தது, அதைக் கண்டுபிடித்த ஸ்டான்ஃபோர்ட் ஓவ்ஷின்ஸ்கியே படத்தில் வந்து பேசுகிறார். சரி. ஆனால் 1997-ல் ஒருத்தர் பக்கத்து வீட்டுக்காரரின் ஈய-அமில வண்டியைப் பார்த்து ‘நமக்கு ஒத்து வராது’ என்று முடிவு கட்டியிருந்தால் அது முட்டாள்தனமா? சாஃப்ட்வேரில் நாங்கள் தினமும் பார்ப்பது இது. 1.0-ஐ அன்இன்ஸ்டால் பண்ணினவன் 2.0-வின் ரிலீஸ் நோட்ஸைப் படிக்க மாட்டான். அவன் அபிப்பிராயம் 1.0-லேயே உறைந்து நிற்கும். அந்த உறைந்த அபிப்பிராயத்தைப் படம் ‘நுகர்வோர் குற்றவாளி’ என்று ஒரே வரியில் மூட்டை கட்டிவிடுகிறது.

இங்கே ஒரு சின்னத் திசைதிருப்பல். இ.வி.1 கதை முடிந்துகொண்டிருந்த அதே 2001-ல் பெங்களூரில் ரேவா வந்தது. நான் பி.இ. முடித்து வேலைக்குப் போன புதிதில் அதைத் தெருவில் பார்த்திருக்கிறேன். முன்னால் இரண்டு பெரியவர்கள், பின்னால் இரண்டு குழந்தைகள், அதே ஈய-அமில பேட்டரி, சுமார் 80 கிலோமீட்டர் ரேஞ்ச். லண்டனில் இதே வண்டி ‘ஜி-விஸ்’ என்ற பெயரில் நெரிசல் கட்டணம் இல்லாமல் ஓடியது. இ.வி.1-க்கு அழுதவர்களில் ஹாலிவுட் ஆட்கள் உண்டு. ரேவாவுக்கு யாரும் அழவில்லை. ஆனால் எங்கள் ஆபீஸ் பார்க்கிங்கில் ஒரு ரேவா தினமும் வரும். அதை ஓட்டியவரிடம் ஒரு தடவை வண்டி எப்படி சார் என்று கேட்டேன். “வண்டி சுமார்தான். என் ரூட்டுக்கு சரியா இருக்கு” என்றார். 20 வருஷத்தில் மின்சாரக் கார் பற்றி நான் கேட்ட நேர்மையான ரிவ்யூ அதுதான் என்று நினைக்கிறேன். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

படத்துக்கு வருவோம். நடிகர் எட் பெக்லி ஜூனியர் ஒரு ஜோக் அடிப்பார்: மின்சாரக் கார் எல்லோருக்கும் ஆகாதுதான், மக்களில் 90 சதவீதம் பேருடைய தேவையைத்தான் அது தீர்க்கும் என்று. நானும் இந்த ஜோக்கைப் பல இடத்தில் அடித்திருக்கிறேன். பெரும்பாலானவர்களின் தினசரி ஓட்டம் ஒரு சார்ஜுக்குள் அடங்கிவிடும் என்பதுதான் அதன் அடிப்படை. கணக்கு சரி, கேள்விதான் தப்பு. ஒரு சர்வர் சராசரியாக 50 மில்லி செகண்டில் பதில் சொல்கிறது என்று மேனேஜரிடம் சொன்னால் அவர் அதோடு விட மாட்டார், பி-99 என்ன என்பார். அதாவது நூற்றில் மிக மோசமான அந்த ஒரு தடவை எவ்வளவு நேரம் எடுக்கிறது? கார் வாங்குகிறவர் மனசிலும் ஓடுவது பி-99 தான். பொங்கலுக்கு முந்தின ராத்திரி ஊருக்குக் கிளம்புகிற நாள், அப்பாவுக்கு நெஞ்சு வலி என்று போன் வருகிற நாள். வருஷத்தில் 350 நாள் 30 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறார் என்பது அவருக்கும் தெரியும். அவர் வாங்குவது மீதி 15 நாளுக்காகவும் சேர்த்து. இதை ‘ரேஞ்ச் பயம்’ என்று ஒரு மனநோய் மாதிரி பெயர் வைத்துப் பேசுவது எனக்கு இப்போது எரிச்சலாக இருக்கிறது.

இனி, என்னை மூன்றாவது தடவை நிறுத்திய இடம். மக்களுக்கு ஆர்வமே இல்லை என்று ஜெனரல் மோட்டார்ஸ் சொன்னது. அப்படியானால் காத்திருப்போர் பட்டியலில் இத்தனை பேர் எப்படி என்று ஓட்டுநர்கள் கேட்டார்கள். படம் வெளிவந்தபோது கம்பெனி கொடுத்த பதிலில், பட்டியலில் 5,000 பேர் இருந்தார்கள், விவரம் சொன்ன பிறகு 50 பேர்தான் லீஸ் எடுக்கத் தயாராக இருந்தார்கள் என்றது. படம் இந்த வாதத்தைச் சந்தேகத்தோடு பார்க்கிறது. வண்டியின் குறைகளை மட்டும் அடுக்கினால் யார்தான் வருவார்கள்? விளம்பரமே பயமுறுத்துகிற மாதிரி எடுத்தவர்கள்தானே? நியாயமான சந்தேகம். கம்பெனி சொல்லும் எண்ணை அப்படியே நம்ப எனக்கும் மனசில்லை.

ஆனால் மீதி 4,950 பேர் எங்கே? பட்டியலில் பெயர் கொடுக்கும் அளவுக்கு ஆசைப்பட்டு, பிறகு பின்வாங்கியவர்கள். அதில் பத்துப் பேரைத் தேடிப்பிடித்து ‘ஏன் சார் வேண்டாம்னீங்க?’ என்று கேட்டிருந்தால் ஜெனரல் மோட்டார்ஸ் சொன்னது பொய்யா நிஜமா என்பது தெரிந்திருக்கும். லீஸ் முடிந்ததும் சந்தோஷமாகத் திருப்பிக் கொடுத்தவர்கள் இருந்தார்களா என்பதும் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. பேசுகிறவர்கள் பெரும்பாலும் வண்டியைப் பிடுங்கிக்கொண்டதால் கோபப்பட்டவர்கள், ராத்திரி நிறுத்திச் சார்ஜ் போட இடம் உள்ளவர்கள். அவர்கள் சொல்வது அத்தனையும் உண்மை. அவர்களுக்கு.

இதே தப்பை நான் என் வீட்டிலேயே பண்ணினேன். மச்சினன் சென்னையில் மூன்றாவது மாடி அபார்ட்மென்ட்டில் இருக்கிறான். வாங்கலாமா மாமா என்று கேட்டான். என்னிடம் இரண்டு வருஷ ஸ்ப்ரெட்ஷீட் இருந்தது. கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட், ஏ.சி. போட்டால் எவ்வளவு குறையும், பைபாஸில் 100-ல் போனால் எவ்வளவு குடிக்கும், எல்லாம் இருந்தது. சான்றிதழில் போட்டிருக்கும் ரேஞ்ச்சில் மூன்றில் இரண்டு பங்குதான் நிஜத்தில் கிடைக்கும் என்றுகூட எச்சரித்தேன். ரொம்ப நேர்மையாக நடந்துகொண்டதாக எனக்கு நினைப்பு.

வண்டி வந்த பிறகுதான், அவன் பார்க்கிங் இடத்துக்கு மீட்டர் பெட்டியிலிருந்து ஒயர் இழுக்க அசோசியேஷன் ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தது. ஒருத்தருக்கு விட்டால் எல்லோரும் கேட்பார்கள், தீப்பிடித்தால் யார் பொறுப்பு, ஜெனரல் பாடியில் வைத்துப் பார்க்கலாம். ஜெனரல் பாடி இரண்டு தடவை கோரம் இல்லாமல் தள்ளிப்போனது. அதுவரை அவன் வாரத்துக்கு இரண்டு தடவை ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிட்டுவிட்டு 4 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஃபாஸ்ட் சார்ஜருக்குப் போய், வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். 80 சதவீதம் தாண்டினால் சார்ஜ் ஏறும் வேகம் குறைந்துவிடும், அதனால் அதோடு எடுத்துவிடு என்று நான் வாட்ஸ்அப்பில் அறிவுரை அனுப்பிக்கொண்டிருந்தேன். யூனிட் விலையும் வீட்டில் போடுவதைப் போல இரண்டு மடங்கு. நான் சொன்ன மிச்சக் கணக்கு அங்கேயே காலி.

விற்ற அன்றைக்கு அவன் கோபமாகப் பேசவில்லை. “மாமா, வண்டியைப் பத்தி நீங்க சொன்னது எதுவும் பொய் இல்ல. ஆனா ராத்திரி வண்டிய எங்கடா நிறுத்துவேன்னு நீங்க ஒரு வார்த்தை கேக்கல” என்றான். உண்மைதான். என் ஸ்ப்ரெட்ஷீட்டில் 23 காலம் இருக்கிறது. வண்டி எங்கே நிற்கிறது என்று ஒரு காலம் இல்லை. எனக்கு அது மாறாத ஒன்று, கோயம்புத்தூரில் சொந்த வீடு, போர்டிகோ, சுவரில் பிளக். மாறாததை யாராவது அளப்பார்களா?

பெயினுக்காக ஒரு வார்த்தை பேசணும். 2006-ல் ஓட்டியவர்கள் பேச்சுக்கு எங்கேயும் மதிப்பு இல்லை. வண்டிகளை நொறுக்கியாகிவிட்டது, சாட்சியும் மிச்சமில்லை. அந்த நேரத்தில் ‘வேண்டாம்’ என்றவர்களைத் தேடிப் போய் மைக் நீட்டியிருந்தால் அது கம்பெனிக்கே விளம்பரமாகப் போயிருக்கும். அதே வருஷம் கம்பெனியின் தலைவர் ரிக் வேகனரே, இ.வி.1-ஐ நிறுத்தியதும் ஹைபிரிடில் போதுமான முதலீடு செய்யாததும் தான் எடுத்த மோசமான முடிவு என்று ஒத்துக்கொண்டார். அந்த அளவில் படம் ஜெயித்த கட்சியின் படம். ஆனால் இன்றைக்கு அதைப் போட்டுப் பார்ப்பவர்கள் கார் வாங்கப் போகிறவர்கள், அல்லது என்னைப் போல வாங்கச் சொல்லுகிறவர்கள். அவர்களுக்கு இந்தப் படம் கற்றுக்கொடுப்பது, சந்தேகப்படுகிறவன் எண்ணெய் கம்பெனியிடம் ஏமாந்தவன் என்பதை. மச்சினன் முதலில் தயங்கியபோது நான் அவனைப் பார்த்த பார்வை அதுதான்.

பெயின் 2011-ல் ‘ரிவெஞ்ச் ஆஃப் தி எலெக்ட்ரிக் கார்’ என்று இரண்டாம் பாகம் எடுத்தார். விட்ட இடத்தைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்து போன வாரம் அதையும் பார்த்தேன். அதில் வருபவர்கள் ஜெனரல் மோட்டார்ஸின் பாப் லட்ஸ், நிஸானின் கார்லோஸ் கோஸ்ன், டெஸ்லாவின் ஈலான் மஸ்க். கூடவே பழைய கார்களை மின்சாரத்துக்கு மாற்றும் ஒரு மெக்கானிக். அந்த மெக்கானிக் வரும் பகுதிகள் நன்றாக இருக்கின்றன. முதல் படத்தில் கல்லறைத் தோட்டத்தில் நின்று அழுதவர்கள், பர்பேங்க்கில் ராத்திரி முழுக்க வெளியே காவல் இருந்தவர்கள் எல்லாம் இதில் ஓரத்துக்குப் போய்விட்டார்கள். கார் திரும்பி வந்ததும் கேமரா முதலாளிகள் அறைக்குள் போய்விட்டது. மச்சினனிடம் லிங்க் அனுப்பலாமா என்று யோசித்து, அனுப்பவில்லை.