மணற்கேணியும் உண்மையறிவும்

ஒருவன் கல்வியில் மேம்படுதற்குக் காரணம் பிறவியில் அமைந்த அறிவா, இடைவிடாத முயற்சியா என்னும் வினா பழையது. திருக்குறளில் இதற்கு இருவேறு விடைகள் இருப்பனபோல் தோன்றும். ஊழ் அதிகாரத்து 373ஆம் குறள், நுட்பமான நூல்களைப் பலவாகக் கற்றவனிடத்தும் அவனுக்கு உள்ளதாகிய அறிவே மேலோங்கும் என்கிறது. கல்வி அதிகாரத்து 396ஆம் குறளோ, மணலில் தோண்டும் கேணியை உவமையாக்கி, கற்கும் அளவுக்கு அறிவு பெருகும் என்கிறது. இயல்பைப் போற்றுவார் முன்னதையும், உழைப்பைப் போற்றுவார் பின்னதையும் எடுத்துக்காட்டி அமைகின்றனர். ஒரே நூலுள் ஆசிரியர் தம் கூற்றைத் தாமே மறுத்தாரா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

மணக்குடவர் 373ஆம் குறளின் ‘உண்மை’ என்னும் சொல்லுக்கு இயல்பு எனப் பொருள் கொண்டார். அறிவுக்குக் கல்வியன்றோ காரணம் என்பார்க்கு, கல்வி உண்டாயினும் ஊழால் வந்த அறிவே வலிது என விடை கூறுவதாக அக்குறளை அவர் கருதினார். பரிமேலழகர் இப்பொருளைச் சுருக்கினார். பேதையாக்கும் ஊழ் உடையவனையே அக்குறள் சுட்டுகிறது என்பதும், அவன் எத்துணைக் கற்பினும் அப்பேதைமை உணர்வே மேற்படும் என்பதும் அவர் உரை. இரு குறட்கும் இடையே தோன்றும் முரணை அவர் காணாமல் விடவில்லை. 396ஆம் குறளின் உரையில், ஊழ் மாறுகொள்ளாத இடத்தையே இக்குறள் கருதியது. ஆதலின் முன்னதனோடு முரணாது என அமைதி கூறினார்.

இவ்வமைதி முற்றும் பொருந்துவதாகத் தோன்றவில்லை. காரணம் இரண்டு. ஒன்று, 396ஆம் குறளில் உள்ள ‘மாந்தர்’ என்பது பொதுச்சொல். ஊழ் இசைந்தார், இசையாதார் என்னும் பாகுபாடு அக்குறளிலும் இல்லை. கல்வி அதிகாரத்துப் பிற குறள்களிலும் இல்லை. மற்றொன்று, தன் ஊழ் மாறுகொள்வதா அன்றா என்பதை முயலுமுன் எவனும் அறியான். அறியவொண்ணாத ஒன்றை நிபந்தனையாக வைப்பின், கற்க என்னும் அறிவுரை வலியிழந்து போகும்.

இதனினும் சிறந்த அமைதி பரிமேலழகர் உரையிலேயே உளது. 373ஆம் குறளில் பேதைமை மேற்படுதல் என்பது யாது என விளக்குமிடத்து, கல்வியறிவு பின்னர் இரங்குதற்கே உரியதாகி ஒதுங்க, பேதைமை செயலுக்கு முற்பட்டு நிற்றலே அது என்கிறார். இவ்விளக்கத்தை நாம் உறுதியாகப் பற்றிக்கொள்ள வேண்டும். இதன்படி, அக்குறள் பேசுவது கற்றவனுடைய செயலைப் பற்றி. கற்கும் ஆற்றலைப் பற்றியன்று. பேதையூழ் உடையவனும் நுண்ணிய நூல்கள் பலவற்றைக் கற்றிருத்தல் கூடும் என்பதை அக்குறளே உடன்படுகிறது. ஆகவே 396ஆம் குறள் அறிவு வளருமாற்றையும், 373ஆம் குறள் வளர்ந்த அறிவு செயலில் தோற்குமாற்றையும் கூறின. களம் வேறாதலின் முரண் இல்லை. ஊழ் மாறுகொள்ளாவிடத்து என்னும் வரையறையும் வேண்டுவதில்லை.

உவமையும் இதற்கே துணைநிற்கிறது. கேணியின் நீரைத் தோண்டுபவன் படைப்பதில்லை. அது மணலின்கீழ் முன்பே உளது. தோண்டாதவனுக்கோ அது கிடைப்பதில்லை. ‘ஊறுதல்’ என்னும் வினை, உள்ளிருப்பது வெளிவருதலைக் குறிக்கும். எனவே இயல்பை ஆசிரியர் மறுத்தாரல்லர். அளவைத் தோண்டுதலின்மேல் வைத்தார். மேலே நின்று பார்ப்பவனுக்கு எல்லா மணலும் வறண்ட மணலே. எங்கே நீர் உளது என்பதைத் தோண்டியவனே அறிவான்.

நன்னூலார் மாணாக்கரை அன்னம், ஆ முதலாக இல்லிக்குடம், நெய்யரி ஈறாகத் தரம் பிரித்தாரே, அஃது இயல்பை முதன்மைப்படுத்துவது அன்றோ எனின், அன்று. அவ்வுவமைகள் கேட்டதைக் கொள்ளும் வகையைக் காட்டுவன. அதே பாயிரத்தில், ஒரு நூலை இருமுறை கேட்பவன் பிழை நீங்குவான் என்றும், மும்முறை கேட்பவன் பிறர்க்கு முறையறிந்து உரைப்பான் என்றும் அவர் கூறுகிறார். புலமையைக் கூறிடும்பொழுதோ, ஆசிரியரிடம் கேட்டலால் காற்கூறு, உடன் பயில்வாரோடு பழகுதலால் காற்கூறு, பிறர்க்கு உரைத்தலால் அரைக்கூறு என வகுத்து முழுமை காட்டுகிறார். இக்கணக்கில் பிறவியறிவுக்கெனத் தனிக்கூறு ஒன்றும் ஒதுக்கப்படவில்லை.

இவ்வாராய்ச்சி உரைவேற்றுமை பற்றியது மட்டுமன்று. முதுகலை வகுப்பில் சேர்ந்த சில திங்களிலேயே, ‘இவனுக்கு இயல்பான புலமை இல்லை’ என்று நாம் தீர்ப்புக் கூறிவிடுகிறோம். இக்கட்டுரையாளனும் அவ்வாறு கூறியதுண்டு. யாப்பில் தடுமாறியவன் என யான் ஒதுக்கிய மாணவர் ஒருவர், மூன்றாண்டு கழித்துக் கலிப்பாவின் வகைகளை எனக்கே தெளிவுற விளக்கினார். அன்று குறைந்தது அவர்தம் நீரன்று, என் பொறுமையே.

ஊழ் ஒருமுறை இருமுறை விலக்கலாம். பலமுறை முயல்வார் பயன் பெறுவர் என 620ஆம் குறளுக்குப் பரிமேலழகர் உரைத்த கருத்தும் ஈண்டு நினையத்தக்கது. மாணவனை அளக்கப் புகும் ஆசிரியன், அவன் எத்துணை ஆழம் தோண்டினான் என்பதையும், தோண்டுதற்குத் தான் எத்துணை இடம் தந்தான் என்பதையும் முதற்கண் அளத்தல் வேண்டும்.