நாணயத்தின் மீது சுமத்தப்பட்ட பழி

ஜோயல் கோயன், ஈதன் கோயன் சகோதரர்கள் இயக்கிய ‘நோ கன்ட்ரி ஃபார் ஓல்ட் மென்’ 2007இல் வெளிவந்தது. கோர்மக் மெக்கார்த்தியின் 2005ஆம் ஆண்டு நாவலைத் தழுவிய இப்படம், 2008இல் நான்கு ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. தீமையே வெல்லும் என்னும் அவநம்பிக்கையின் சாசனமாக இதனைக் கருதுவோர் உளர். அக்கருத்து மறுபரிசீலனைக்குரியது என்பது நம் எண்ணம்.

கதை 1980இல் மேற்கு டெக்சாஸில் நிகழ்கிறது. வேட்டைக்குச் சென்ற மோஸ், போதைப்பொருள் பேரம் முறிந்து பலர் மாண்டுகிடக்கும் பாலைவெளியில், இருபது லட்சம் டாலர் கொண்ட பெட்டியைக் கண்டெடுக்கிறான். உயிர் ஊசலாடும் ஒருவன் அவனிடம் தண்ணீர் கேட்டிருந்தான். வீடு திரும்பிய பின்னரும் அக்குரல் உறுத்தவே, இரவில் தண்ணீருடன் மீண்டும் செல்கிறான். அப்போதுதான் பகைவர் கண்ணில் படுகிறான். பணத்தை எடுத்தபோது அகப்படாதவன், இரக்கம் காட்டியபோது அகப்படுகிறான். நன்மைக்கு உடனுக்குடன் நன்மை விளையும் என்னும் எளிய கணக்கு இங்கே தகர்கிறது.

அவனைத் துரத்தும் சிகுர், மாடுகளை அறுக்குமுன் வீழ்த்தும் கருவியை மனிதர் மீதும் பயன்படுத்துபவன். இருவர் முன்னே அவன் நாணயத்தைச் சுண்டி, பூவா தலையா என்று கேட்கிறான். கொல்வது தானல்லன், நியதியே. தான் அதன் கருவி மட்டுமே என்பது அவனது பாவனை.

இப்பாவனை பழமையானது. ஜாஹிலிய்யாக் கால அரபிகள் ஹுபல் சிலையின் முன் அம்புகளை உருவிக் குறிபார்த்தனர். அப்துல் முத்தலிப் தம் மகன் அப்துல்லாஹ்வுக்கு ஈடாக நூறு ஒட்டகங்களை அறுத்ததும் அவ்வம்புகளின் தீர்ப்பின்படியே என்று ஸீரா நூல்கள் கூறும். திருக்குர்ஆன் இவ்வழக்கத்தை மது, சூதாட்டம் ஆகியவற்றுடன் சேர்த்து விலக்கியது (5:90). தன் முடிவின் பொறுப்பை உயிரற்ற பொருளொன்றின் மீது சுமத்துவதும் அவ்விலக்கலில் அடங்கும் என நாம் கருதுகிறோம்.

மோஸின் மனைவி கார்லா ஜீன் இப்பாவனையைக் கலைக்கிறாள். நாவலில் அவள் பக்கமொன்றைச் சொல்லித் தோற்கிறாள். படத்திலோ சொல்லவே மறுக்கிறாள். முடிவு நாணயத்துடையதன்று, உன்னுடையதே என்று கொலைஞனின் முகத்துக்கு நேராகக் கூறுகிறாள். அவள் உயிர் தப்பவில்லை என்பதைப் படம் குறிப்பால் உணர்த்துகிறது. ஆனால் குற்றம் எவருடையது என்பது அங்கே தெளிவாகிவிடுகிறது. அடுத்து, பச்சை விளக்கில் செல்லும் சிகுரின் மீதே வேறொரு கார் மோதுகிறது. நியதியின் தூதனாகத் தன்னைப் பாவித்தவனும் எலும்பு முறியும் வெறும் மனிதனே.

அம்வாஸ் கொள்ளைநோய் பரவிய ஷாமுக்குள் நுழையாமல் கலீஃபா உமர் (ரலி) திரும்பியபோது, இறைவிதியிலிருந்து ஓடுவதா என அபூஉபைதா (ரலி) வினவினார். ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்வதாகக் கலீஃபா விடையளித்தார். கத்ரின் மீதான ஈமான் அவரைச் செயலுக்குத் தூண்டியது. நம்மிடையேயோ, பாதுகாப்பற்ற ஆலையில் தொழிலாளி மாண்டாலும், சிகிச்சை தாமதித்துக் கர்ப்பிணி இறந்தாலும், ‘கத்ர்’ என்று கூறி விசாரணையை முடித்துக்கொள்வோர் உண்டு. அவர்களும் நாணயம் சுண்டுவோரே.

முதிய ஷெரீஃப் பெல்லின் கேள்வி வேறுவகையானது. முதுமையில் இறைவன் தம் வாழ்வுக்குள் வருவான் என எதிர்பார்த்ததாகவும், அது நிகழவில்லை என்றும் அவர் வருந்துகிறார். உறவினர் எல்லிஸோ 1909இல் நடந்த கொலையொன்றை நினைவூட்டி, இக்கொடுமை புதிதன்று என்கிறார். மனிதன் படைக்கப்படுமுன்னரே, இரத்தம் சிந்துவோனையா படைக்கிறாய் என்று வானவர் வினவினர் (2:30). அவர்கள் அறியாததைத் தான் அறிவதாக இறைவன் கூறினான். கேட்டதற்காக அவர்களைத் தண்டிக்கவில்லை. ஆகவே பெல்லின் வினாவை இறைமறுப்பு என ஒதுக்குதல் முறையன்று.

படத்தின் குறையையும் சொல்லவேண்டும். தண்ணீர் கேட்டு இறந்தவன் உள்ளிட்ட மெக்சிக்கோ நாட்டவர் பெயரும் கதையுமின்றிப் பிணங்களாகவே எஞ்சுகின்றனர். தீமையைக் குறித்து இத்துணை ஆழமாகச் சிந்திக்கும் படைப்பு அவர்களுக்கு முகம் தரத் தவறிவிட்டது.

இருளும் குளிரும் சூழ்ந்த மலைவழியில் தந்தை நெருப்பை ஏந்தி முன்னே செல்வதாகத் தாம் கண்ட கனவைப் பெல் விவரிப்பதோடு படம் முடிகிறது. சிகுர் பிடிபடவில்லை. மறுமையின் கணக்கில் நம்பிக்கையுள்ள நமக்கு இது இறுதித் தீர்ப்பாகாது. எனினும் அந்நம்பிக்கை இம்மையின் விசாரணையிலிருந்து நம்மை விடுவிப்பதில்லை. கார்லா ஜீனைப் போல் குற்றவாளியை அடையாளம் காட்டும் கடமை நம்முடையதாகவே இருக்கிறது.