சக் பெர்ரி காலைத் தூக்கும்போது டிரம்மரைப் பாருங்கள்

இணையத்தில் சக் பெர்ரியின் பெயரைத் தட்டினால் பத்து நிமிடத் தொகுப்புகள் வரிசை கட்டி வந்து நிற்கின்றன. எல்லாம் ஒரே அச்சு. 'ஜானி பி. குட்' பாட்டின் தொடக்கக் கிட்டார், உடனே ஒரு காலை நீட்டிக் குந்தியபடி தத்தித் தத்திப் போகும் வாத்து நடை, கைதட்டல். அடுத்த ஊர், அடுத்த சட்டை, மறுபடி வாத்து நடை. வெள்ளை சூட்டில் ஒல்லியாகத் தொடங்கியவர் கடைசி நிமிடத்தில் கேப்டன் தொப்பி போட்ட தாத்தாவாகிவிடுகிறார். சிக்ஸர்களை மட்டும் ஒட்டிய கிரிக்கெட் ஹைலைட்ஸ் மாதிரி பார்க்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் பிட்ச் எப்படி, எதிரே பந்து போட்டது யார் என்பதெல்லாம் வெட்டுப்பட்டுப் போகிறது.

பெர்ரி விஷயத்தில் இந்த வெட்டு ரொம்பவே கெடுதல். ஏனென்றால் ராக் அண்ட் ரோல் உலகில் அவரைப் போலப் பக்கவாத்தியத்தோடு சூதாடியவர் வேறு யாரும் இல்லை. பல பத்தாண்டுகள் சொந்தக் குழு என்று ஒன்றைக் கட்டி இழுக்காமல், கிட்டார் பெட்டியோடு தனியாக விமானம் ஏறிப் போனவர் அவர். நிகழ்ச்சி நடத்துபவர் ஒப்பந்தப்படி இரண்டு ஃபெண்டர் டூயல் ஷோமேன் ஆம்ப் வைத்திருக்க வேண்டும். பெர்ரி பாட்டுகள் தெரிந்த உள்ளூர் குழுவைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். பணம் முன்கூட்டியே கைக்கு வர வேண்டும். ஒத்திகை கிடையாது. 1970-களின் தொடக்கத்தில் அப்படிப் பின்னால் நின்று வாசித்த இளைஞர்களில் ஒருவர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். மேடையேற சில நிமிடங்கள் இருக்கும்போது பெர்ரி வந்து இறங்கினாராம். என்ன பாட்டு வாசிக்கப் போகிறோம் என்று கேட்டதற்கு, சக் பெர்ரி பாட்டுதான் என்ற அளவில் பேச்சு முடிந்துவிட்டதாம்.

இந்தக் கறாருக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1955-இல் செஸ் இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட அவருடைய முதல் பாட்டு 'மேபலீன்'. அதை எழுதியவர்கள் பட்டியலில், பாட்டில் ஒரு வரிகூட எழுதாத வானொலி அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீடின் பெயரும் இன்னொருவர் பெயரும் ஏறியிருந்தன. ராயல்டியில் பங்கு போனது. அப்படி அடிபட்ட ஆள் பிறகு காசை எண்ணி வாங்கிக்கொண்டுதான் மேடையேறுவேன் என்றால் அதில் தப்பு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விலை கொடுத்தது பாட்டு என்பது வேறு விஷயம்.

இனி அந்தக் காலுக்கு வருவோம். வாத்து நடை 1956-இல் நியூயார்க் மேடையில், சூட்டின் கசங்கல் தெரியாமலிருக்கக் குந்தி ஆடியதில் பிறந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அது வேடிக்கைக்கு. ஆனால் பாட்டு நடுவே அவர் காலை உயர்த்தித் தரையில் போடுவது வேடிக்கைக்கு அல்ல. கால் இறங்கினால் நிறுத்து, மறுபடி இறங்கினால் தொடங்கு. முன்பின் தெரியாத குழுவுக்கு அவர் கொடுத்த பாடம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். தொகுப்பு வெட்டுபவர்கள் அந்தக் காலை ஸ்டைல் என்று நினைத்துக் கையோடு சேர்த்து ஒட்டிவிடுகிறார்கள். முழுப் பாட்டையும் பார்த்தால், அந்த நொடியில் பின்னால் டிரம்மரின் கண் அந்த ஷூவை விட்டு நகராமலிருப்பது தெரியும்.

சுருதி இன்னொரு பொறி. கிட்டார் பையன்களுக்குக் கை பழகிய ஸ்கேல் ஏ, ஈ. பெர்ரியின் புகழ்பெற்ற பதிவுகள் பல பி ஃபிளாட், ஈ ஃபிளாட். காரணம் ஜானி ஜான்சன் என்ற பியானோக்காரர். 1952 டிசம்பர் 31 இரவு ஆள் குறைந்ததால் தன் குழுவில் பெர்ரியை வாசிக்கக் கூப்பிட்டவர் அவர்தான். பியானோவுக்கு இதமான சுருதியில் கிட்டார் வளைந்து கொடுத்தது. வீட்டில் ஏ-யில் பழகிவிட்டு வந்த உள்ளூர்க் குழுவுக்கு முன்னால் இவர் சொல்லாமல் கொள்ளாமல் பி ஃபிளாட்டில் தொடங்கினால், முதல் எட்டு மாத்திரைக்கு மேடையில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பக்கவாத்தியம் சரியாக அமைந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1958 நியூபோர்ட் ஜாஸ் விழாவைத்தான் காட்டுவேன். பெர்ட் ஸ்டெர்ன் எடுத்த 'ஜாஸ் ஆன் எ சம்மர்ஸ் டே' ஆவணப்படத்தில் அது இருக்கிறது. பாட்டு 'ஸ்வீட் லிட்டில் சிக்ஸ்டீன்'. பின்னால் நிற்பவர்கள் ராக் பையன்கள் அல்ல. கவுண்ட் பேஸி குழுவில் பெயரெடுத்த டிரம்மர் ஜோ ஜோன்ஸ், டிரம்பெட்டில் பக் கிளேட்டன், டிராம்போனில் ஜாக் டீகார்டன். ஜாஸ் விழாவில் இந்தச் சத்தத்துக்கு என்ன வேலை என்ற கேள்வி காற்றிலேயே இருக்கிறது. பெர்ரியின் வலது கை எட்டு அடிகளையும் சமமாக, நேராக வெட்டிக்கொண்டு போகிறது. ஜோன்ஸ் ஸ்விங்கில் ஒரு பக்கமாகச் சாய்ந்து வாசிக்கிறார். இரண்டும் ஒட்டவில்லை, பிரியவும் இல்லை. அந்த உரசல்தான் பாட்டைத் தள்ளுகிறது. நடுவில் கிளாரினெட் ஒன்று கிளம்பிச் சுழன்று சுழன்று வாசிக்கிறது. ராக் பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத வாத்தியம். பெர்ரி அதற்கு வழிவிட்டுவிட்டுத் தன் தாளத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். பின்னாளில் பெரிய ராக் கிட்டாரிஸ்ட் ஆன கீத் ரிச்சர்ட்ஸ் இளவயதில் இந்தப் படத்தைப் பார்த்துச் சொக்கிப்போனவர். தொகுப்புகளில் இதிலிருந்து பத்து நொடி வந்தால் அதிகம். கிளாரினெட்டுக்கு இடமே இல்லை.

1964-இல் சாண்டா மோனிகாவில் எடுத்த டி.ஏ.எம்.ஐ. ஷோ என்ற கச்சேரிப் படமும் நல்ல பதிவுதான். தொழில்முறை ஸ்டுடியோ வாசிப்பாளர்கள் இருந்ததால் சிக்கல் இல்லை, சுவாரஸ்யமும் கொஞ்சம் குறைவு. 1972 வேறு கதை. அந்த ஆண்டு பிப்ரவரியில் கவென்ட்ரியில் பதிவான 'மை டிங்-எ-லிங்' என்ற இரட்டை அர்த்தக் கிண்டல் பாட்டுதான் அமெரிக்காவில் அவருக்குக் கிடைத்த ஒரே முதலிடம். 'ஜானி பி. குட்' எழுதியவருக்கு அது. அதே பிப்ரவரியில் மைக் டக்ளஸ் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஜான் லெனனும் பெர்ரியும் சேர்ந்து 'மெம்ஃபிஸ்' பாடும்போது யோகோ ஓனோ திடீரென்று அலற, பெர்ரியின் கண்கள் விரிகின்றன. அந்த இரண்டு நொடியை வெட்டிப் போட்டு உலகமே சிரித்துவிட்டது. நான் கவனித்தது அடுத்ததை. அவர் கை நிற்கவில்லை. ஊர் ஊராக முன்பின் தெரியாதவர்களோடு வாசித்துப் பழகிய ஆள். பக்கத்தில் என்ன வெடித்தாலும் தாளம் தப்பாது.

ஒப்புக்கொள்ளாத பக்கவாத்தியம் கிடைத்தது 1986-இல். பெர்ரியின் அறுபதாவது பிறந்தநாளையொட்டி செயின்ட் லூயிஸ் ஃபாக்ஸ் அரங்கில் நடந்த கச்சேரியை டெய்லர் ஹாக்ஃபோர்டு படமாக்கினார், 'ஹெய்ல்! ஹெய்ல்! ராக் அண்ட் ரோல்' என்று அடுத்த ஆண்டு வந்தது. சிறுவனாக இருந்தபோது கறுப்பர் என்பதால் டிக்கெட் மறுக்கப்பட்ட அதே அரங்கு அது. குழுவைக் கட்டியவர் கீத் ரிச்சர்ட்ஸ். ஊரில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த ஜானி ஜான்சனைப் பியானோவுக்கு அழைத்து வந்ததும் அவரே.

ஒத்திகையில் 'கேரல்' பாட்டின் தொடக்கத்தைக் கீத் வாசிக்க, பெர்ரி நிறுத்துகிறார். மறுபடி வாசிக்க, மறுபடி நிறுத்துகிறார். கீத்தின் தாடை இறுகுவது தெரிகிறது. இதைக் 'கிழவர் அவமானப்படுத்துகிறார்' என்ற தலைப்பில் வெட்டிப் போட்டிருக்கிறார்கள். காதை மட்டும் வைத்துக் கேளுங்கள். பெர்ரி சொல்வது சரி. அந்தக் கம்பி இழுப்பு கீழேயிருந்து வழுக்கி மேலே ஏற வேண்டும், கீத் நேரே போய் உட்காருகிறார். இத்தனை ஆண்டுகள் ஊர் பெயர் தெரியாத குழுக்களோடு ஏனோதானோ என்று வாசித்தவருக்குத் தன் பாட்டின் ஒரு வளைவு இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். பிறகு கச்சேரியில், பாட்டு நடுவே பெர்ரி கீத்தின் காதருகே வந்து சுருதி மாற்றலாம் என்கிறார். கீத் முடியாது என்று தலையாட்டுகிறார். பெர்ரிக்கு வேறு வழியில்லை, ஒழுங்காக வாசிக்கிறார். அன்றைய பெர்ரி, பணிந்து போன எந்தக் குழுவோடும் வாசித்த பெர்ரியைவிட ஒரு படி மேல்.

ஸ்பிரிங்ஸ்டீனுக்கு 1995-இல் கிளீவ்லாந்து ஸ்டேடியத்தில் மறுபடி அந்த வாய்ப்பு வந்தது. இந்த முறை அவர் உலகப் புகழ். பின்னால் அவருடைய ஈ ஸ்ட்ரீட் குழு. பெர்ரி பாட்டு நடுவே சுருதியை மாற்றிக்கொண்டே போய், கடைசியில் அவர்களை மேடையிலேயே விட்டுவிட்டு இறங்கிப் போனார் என்று கிட்டார் வாசித்த நில்ஸ் லாஃப்கிரன் பின்னர் விவரித்திருக்கிறார். யாரும் தலையாட்டி மறுக்கவில்லை போலும்.

1996 முதல் 2014 வரை செயின்ட் லூயிஸில் புளூபெர்ரி ஹில் உணவகத்தின் அடித்தளத்தில், டக் ரூம் என்ற சின்ன அரங்கில், அவர் 209 முறை வாசித்தார். மகன் கிட்டார், மகள் ஹார்மோனிகா, பேஸ் கிட்டாரில் நெடுநாள் கூட்டாளி ஜிம்மி மர்சாலா. ரசிகர்கள் செல்போனில் எடுத்த ஆட்டம் காணும் வீடியோக்கள் கிடைக்கின்றன; விரல்களின் வேகம் போய்விட்டது, சத்தம் கரகரக்கிறது. தொகுப்பு போடுபவர்கள் அவற்றைத் தொடுவதில்லை. பார்க்கிறவர்கள் முதலில் நியூபோர்ட்டை முழுசாகப் பார்த்துவிட்டு, அப்புறம் 'கேரல்' ஒத்திகையை முழுசாகப் பார்த்துவிட்டு இந்த வீடியோக்களுக்கு வரட்டும். இங்கே பின்னால் நிற்பவர்கள் யாரும் அவர் ஷூவைப் பதறிப் பார்க்கவில்லை.