தீராத பட்டியலை ரசிப்பது எப்படி?

"இப்ப என்ன படிச்சிட்டிருக்கீங்க?" என்று ஒரு வாசகரிடம் கேட்டால், பதில் ஒரு தலைப்போடு நிற்பதில்லை. கையிலுள்ள நூலின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்துப் படிக்க வேண்டிய பத்துப் பெயர்கள் வந்து விழும். கேட்பவர் அதைப் பெருமைப் பேச்சு என்று ஒதுக்கிவிடுகிறார். என் கட்சி வேறு. ஒருவரின் பட்டியலும் வாசிக்கத்தக்க ஒரு பிரதிதான். மாட்டுங்கா, செம்பூர், தாராவித் தமிழருக்கு இது கூடுதலாகவே பொருந்தும். சென்னைக்காரர் கடைக்குள் நுழைந்து, அலமாரியைத் துழாவி, பெயரே கேள்விப்படாத ஒரு நூலை எடுத்து வந்துவிடலாம். இங்கே கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் அடுக்கியிருப்பவை பெரும்பாலும் ஆங்கிலப் புத்தகங்கள். தமிழ் நூல் நம் கைக்கு வருவதற்கு முன் யாரோ ஒருவர் வாயிலிருந்து அதன் பெயர் வர வேண்டியிருக்கிறது.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாவது விதி. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது மூன்றாவது. இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஒன்றல்ல. நமக்கு என்ன வேண்டும் என்று நமக்கே தெரிந்திருந்தால் இரண்டாவது விதிக்குத் தேடல் போதும். மூன்றாவதை நிறைவேற்ற, நம்மையும் அந்த நூலையும் ஒருசேர அறிந்த ஒருவர் நடுவில் தேவை. நல்ல நூலகர் செய்கிற அந்த வேலையை, நூலகம் கைக்கெட்டாத இடத்தில் நண்பரின் பட்டியல்தான் செய்கிறது. க.நா.சு. தம் நூல் அறிமுகக் கட்டுரைத் தொகுப்புக்கு ஒரு கேள்வியையே தலைப்பாக வைத்தார்: 'படித்திருக்கிறீர்களா?' சக வாசகரிடம் பேசுகிற குரல் அது. அதனால்தான் அதில் அதிகாரம் தொனிப்பதில்லை.

சரி, பட்டியலில் எதைப் பார்ப்பது? நோட்டின் ஒரு பக்கத்தில் மூன்று வரிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேலே தயா பவாரின் மராத்தித் தன்வரலாறு 'பலுதா' (1978). அடுத்து பாமாவின் 'கருக்கு' (1992). கீழே நாஞ்சில் நாடனின் 'எட்டுத் திக்கும் மதயானை' (1998). தனித்தனியாக எல்லாம் தெரிந்த பெயர்கள்தான். அடுத்தடுத்து வரும்போது இவரை எது துரத்துகிறது என்று தெரிந்துவிடுகிறது: கிராமம் ஒருவரை என்ன செய்தது, நகரம் அவரை என்ன செய்தது. முதல் இரண்டையும் சாதி இணைக்கிறது. முதலாவதையும் மூன்றாவதையும் மும்பை இணைக்கிறது. மராத்தியில் படித்து வளர்ந்த தாராவிப் பிள்ளைக்கும், நாகர்கோவிலிலிருந்து பிழைக்க வந்த பெரியவருக்கும் இந்த ஒரு பக்கத்தில் பேச விஷயம் உண்டு. எனவே முதலில் வரிசையைப் பாருங்கள். பிறகு பெயருக்குப் பக்கத்தில் யார் சொன்னது என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். 'அத்தை சொன்னது', 'ஆபீஸ் குல்கர்னி சொன்னது' என்று இரண்டு சொல் எழுதியிருந்தாலே அந்தத் தலைப்பு உயிர் பெற்றுவிடும். இப்போது படிக்கிற நூலைப் பற்றி "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள்; "எந்த இடத்துல இருக்கீங்க?" என்று கேளுங்கள். பாதிப் புத்தகத்தில் நிற்பவர் சொல்கிற சந்தேகம், முடித்தவர் சொல்கிற தீர்ப்பைவிடச் சுவையானது.

பட்டியல் வளர்கிறதே தவிர எங்கே முடிகிறது என்பார்கள். கணக்குப் போட்டே பார்க்கலாம். செம்பூரிலிருந்து சிஎஸ்டி போகிற லோக்கலில், உட்கார இடம் கிடைக்கிற பாக்கியவான் நாளுக்கு 25 பக்கம் படிப்பதாக வைத்தாலும், 300 பக்க நூலுக்கு 12 நாள். ஆண்டுக்கு 30 நூல். 200 பெயர் கொண்ட பட்டியலைத் தீர்க்க ஏறக்குறைய ஏழு ஆண்டு. அதற்குள் இன்னும் 200 சேர்ந்திருக்கும். ஆகவே முடிப்பது அதன் நோக்கமாக இருக்கவே முடியாது. அதைக் கடன் நோட்டாகப் பார்ப்பவர்தான் துன்பப்படுகிறார். அது வெறும் பகட்டு என்பவர்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன்: பாதியில் விட்ட நூல்களின் பெயரைக் கேளுங்கள். பகட்டுக்காரர் மழுப்புவார். உண்மையான வாசகர் எந்த அத்தியாயத்தில் சலித்தது என்பதுவரை சொல்வார். மூன்றாவது ஆட்சேபம் வலுவானது. எல்லோர் பட்டியலிலும் அதே பத்துப் பெயர்கள்தானே? பெருமளவு உண்மை. விருது வந்ததும், படம் வந்ததும் எல்லா நோட்டிலும் ஒரே தலைப்பு ஏறுகிறது. ஆனால் ஒத்த பெயர்களை அடித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள்; அந்த நாலைந்தில்தான் ஆள் இருக்கிறார். நம் ஊரிலேயே வாழ்ந்து எழுதுகிற அம்பை, 2021-க்கான சாகித்திய அகாதெமி விருதுக்கு முன்பே ஒருவர் பட்டியலில் இருந்தாரா, பிறகுதான் வந்தாரா என்பதுகூட அந்த வாசகரைப் பற்றி ஏதோ சொல்கிறது. பிறகு வந்தாலும் குற்றமில்லை.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சிக்குப் போகிறவர் உங்கள் பில்டிங்கிலோ சாலிலோ ஒருவராவது இருப்பார். உங்கள் முழுப் பட்டியலையும் அவர் தலையில் கட்டாதீர்கள். இரண்டு பெயர் மட்டும் கொடுங்கள். அவர் பட்டியலிலிருந்து இரண்டு கேட்டு வாங்குங்கள்.