குழாயா, தண்ணீரா?

கெட்டுப்போன சாஃப்ட்வேர் ப்ராஜெக்டை எப்படிக் கரையேற்றுவது என்று யாராவது பேச ஆரம்பித்தால், பத்து நிமிஷத்துக்குள் ஃபிரெட் புரூக்ஸின் பெயர் வந்துவிடும். ஐ.பி.எம்.மில் ஓ.எஸ்./360 என்ற ராட்சத மென்பொருளைக் கட்டி மேய்த்த அனுபவத்தை வைத்து, 1975-ல் அவர் எழுதிய புத்தகம் 'தி மிதிக்கல் மேன்-மன்த்'. மனுஷர் 2022-ல் காலமானார். புத்தகத்துக்கு இன்னும் வயசாகவில்லை.

சாரம் இதுதான்: தாமதமாகிவிட்ட வேலைக்கு ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும். 10 பேர் இருந்தால் இரண்டிரண்டு பேராகப் பேசிக்கொள்ள 45 ஜோடி. 20 பேரானால் 190. ஆள் இரண்டு மடங்கு, பேச்சு நாலு மடங்கு. புதுசாக வந்தவருக்குச் சொல்லிக்கொடுக்க, விஷயம் தெரிந்தவர் கைவேலையைக் கீழே வைக்கவேண்டும். ரொம்பச் சரி.

குறை எங்கே என்றால், ஓ.எஸ்./360-ஐ ஐ.பி.எம். தன் வீட்டுக்குள்ளேயே செய்தது. கீழே இருப்பவர்கள் மேலதிகாரியிடம் தாமதத்தை மறைப்பதைப் புரூக்ஸ் நன்றாகவே எழுதியிருக்கிறார். ஆனால், ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியிடம் மறைத்தால்? அவுட்சோர்ஸிங்கில் நடுவே ஒரு கடலும் ஒரு கான்ட்ராக்டும் இருக்கின்றன. 'முடியாது' என்று சொன்னால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்ற பயம் வேறு. கடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் சென்னைக்குப் போய் இந்த வேலையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். தேறாது என்பது அவர்களுக்கு எப்பவோ தெரிந்திருக்கும். வெள்ளிக்கிழமை ரிப்போர்ட்டில் மட்டும் எல்லாம் பச்சை.

அமெரிக்க அரசு இதில் சூடுபட்டது. இன்ஷூரன்ஸுக்காகப் பல கான்ட்ராக்டர்களிடம் பிரித்துக்கொடுத்துச் செய்த வெப்சைட் 2013 அக்டோபர் 1-ல் திறந்தது. முதல் நாள் பதிவை முடித்தவர்கள் 6 பேர்! கரையேற்ற வந்தது ஒரு சின்னக் குழு. சைட் ஓடுகிறதா, படுத்துவிட்டதா என்று எல்லோரும் பார்க்க ஒரு போர்டுகூட அதுவரை இல்லை. முதலில் அதை வைத்தார்கள். அப்புறம் மீட்டிங்குக்கு விதி: பழி போடுவதை வெளியே வைத்துக்கொள்ளுங்கள், பெரிய பதவிக்காரர் அல்ல, விஷயம் தெரிந்தவர் பேசட்டும். இரண்டே மாசத்தில் பெரும்பாலோருக்கு சைட் வேலை செய்தது. சின்னக் குழு என்பது புரூக்ஸ் சொன்னது. பயமில்லாமல் பேசவிட்டது இவர்கள் சேர்த்தது.

இன்னொரு பாடம் நம்ம சிதம்பரத்துப் பக்கமே படுத்துக் கிடந்தது. வீராணம் ஏரித் தண்ணீரைச் சென்னைக்குக் கொண்டுபோக ஒப்பந்தக்காரரிடம் விட்ட திட்டம் 1970-களில் பாதியில் நின்றது. விவகாரம் சர்க்காரியா கமிஷன் வரை போனது. ராட்சத கான்கிரீட் குழாய்கள் வருஷக்கணக்கில் ரோட்டோரம் கிடந்தன. 2004-ல் புதிய வீராணம் திட்டம் வந்தபோது பழைய குழாயை யாரும் ஒட்டுப்போடவில்லை. புதுசாக இரும்புக் குழாய். சேத்தியாத்தோப்பிலிருந்து பம்ப் செய்து, வடக்குத்தில் சுத்திகரித்து, காடாம்புலியூருக்கு ஏற்றிவிட்டால், அங்கிருந்து போரூர் வரை 200 கிலோமீட்டர் தண்ணீர் தானாகவே இறங்கி ஓடுகிறது. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர்.

காப்பாற்றியது தண்ணீரை, குழாயை அல்ல. சாஃப்ட்வேரிலும் அப்படித்தான். இவ்வளவு செலவழித்துவிட்டோமே என்று ஓட்டைப் புரோகிராமைக் கட்டிக்கொண்டு அழுபவர்கள்தான் அதிகம். முதலில் செய்வதைத் தூக்கிப்போடத் தயாராயிரு என்று சொன்ன புரூக்ஸ், 1995 பதிப்பில், அதை ரொம்ப எளிமையாகச் சொல்லிவிட்டேன் என்று பின்வாங்கினார். புதுசாகக் கட்டுவதற்கு அது நியாயம்தான். கரையேற்றும் வேலைக்கு 1975 புரூக்ஸே பரவாயில்லை என்பேன்.

அதற்காக வீராணம் மாதிரி முப்பது வருஷம் காத்திருக்கமுடியாது. புத்தகத்தை அவசியம் படியுங்கள். படித்துவிட்டு, கான்ட்ராக்டில் கையெழுத்துப் போடுமுன் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: 'இது தேறாது' என்று முதலில் சொல்கிற பிள்ளையின் வேலை போகாது.